தொண்டையில் தங்கும் மின்கலம்

1800-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இத்தாலிய விஞ்ஞானியாகிய வோல்ட்டா, வெள்ளித் தகடுகளையும் துத்தநாகத் தகடுகளையும் மாறி மாறி அடுக்கி, இடையிடையே உப்பு நீரில் நனைத்த அட்டைத் துண்டுகளை வைத்து, ஓயாமல் மின்சாரம் தரும் ஒரு சாதனத்தைத் தாம் அமைத்திருக்கும் செய்தியை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் வாயிலாக அறிவித்தார். அக்கடிதம் அச்சேறுவதற்கு முன்னரே அதன் விஷயத்தைக் கேள்வியுற்ற வில்லியம் நிக்கல்ஸன், அந்தோணி கார்லைல் என்னும் இருவர், அத்தகைய அடுக்கு ஒன்றைத் தாங்களே செய்து, கம்பி தகட்டை நன்றாகத் தொடவேண்டும் என்பதற்காக மேல்தகட்டின்மீது ஒரு துளி நீரை விட்டபோது, அந்தத் துளிக்குள் நுண்ணிய குமிழிகள் எழக் கண்டார்கள். அக்குமிழிகளை விடாமல் ஆராய்ந்ததன் பயனாகவே, மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடும் என்னும் உண்மை உலகத்துக்குத் தெரியவந்தது. இருவருள் கார்லைல், லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துவந்த மருத்துவர். அன்று அவர் ஒரு துளி நீரில் கண்ட அதே ரசாயன நிகழ்ச்சி, இன்று சிறு குழந்தைகளின் உணவுக்குழாயைப் பொத்தலாக்கும் காரணமாக, அவருடைய தொழிலைச் சேர்ந்தவர்களின் முன் வந்து நிற்கிறது.

கைக்கடிகாரத்திலும் காது கேட்கும் கருவியிலும் நெடுங்காலமாக இருந்துவரும் சிறிய வட்ட மின்கலங்களை நாம் எல்லாரும் அறிவோம். கடையில் பட்டன் செல் என்றோ பட்டன் பாட்டரி என்றோ கேட்டு வாங்குகிறோம். அவற்றுள் இன்று மிகுதியாகப் புழங்குவதும் மிகுதியான தீங்கு செய்வதும் ‘சி.ஆர்.2032’ என்று முதுகில் பொறித்த வகையாகும். அந்த எண்ணிலேயே அதன் அளவு அடங்கியிருக்கிறது. 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பது அதன் பொருள். நிறை ஏறக்குறைய மூன்று கிராம். அகன்ற எஃகுக் கூடு அதன் நேர்முனை. அதனுள் பொருந்தி உட்காரும், சற்றே குறுகலான மூடி எதிர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. உள்ளே ஒரு பக்கம் உலோகங்களில் மிக லேசானதாகிய லித்தியமும், மறுபக்கம் மாங்கனீஸ் டை ஆக்ஸைடும் இருக்கின்றன. பழைய பட்டன் செல்கள் ஒன்றரை வோல்ட் அழுத்தம் தர, இது மூன்று வோல்ட் தருகிறது. அலமாரியில் பல வருஷங்கள் கிடந்தாலும் தன் சக்தியைப் பெரிதும் இழப்பதில்லை. இத்தகைய நற்குணங்களால்தான் அது வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்துவிட்டது. மெலிந்த ரிமோட், கார்ச் சாவி, சமையலறைத் தராசு, குளியலறையில் எடை பார்க்கும் கருவி, கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக வைக்கும் பாட்டரி அகல்விளக்கு என்று, அது குடியிருக்கும் இடங்களை ஒரு வீட்டிலேயே எண்ணத் தொடங்கினால் நமக்கே திகைப்பாக இருக்கும்.

குழந்தை எதையும் வாயால் அறிந்துகொள்ள முயல்கிற பருவம், தவழத் தொடங்கும் நாள் முதல் ஏறக்குறைய நான்கு வயது வரை நீடிப்பது. அது குற்றமன்று, இயற்கை. பளபளப்பும் வழவழப்பும் உள்ள ஒரு வட்டத் தகடு தரையில் கிடந்தால், அதை எடுத்து நாவில் வைத்துப் பார்க்காத குழந்தையைக் காண்பதுதான் அரிது. பதினொன்று, பன்னிரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய மின்கலமாயின், பெரும்பாலும் அது வழுக்கிக்கொண்டு இரைப்பையை அடைந்து, சில நாட்களில் மலத்தோடு வெளியேறிவிடும். 20 மில்லிமீட்டர் மின்கலமோ, ஏறக்குறைய நம்முடைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுள்ளது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் உணவுக்குழாயில் இறுகிச் சிக்கிக்கொள்வதற்கு ஏற்ற அளவு. உணவுக்குழாய் எங்கும் ஒரே அகலமுடையதன்று. தொண்டை முடிந்து அது தொடங்கும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி வளைந்து அதைக் கடந்து செல்லும் இடத்திலும், இரைப்பையோடு சேரும் இடத்திலும் அது இயல்பாகவே குறுகியிருக்கிறது. இவற்றில் மின்கலம் பெரும்பாலும் தங்குவது முதல் இடத்தில்தான்.

அங்கே தங்கிய கணத்தில் என்ன நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். ஏனெனில் இவ்விஷயத்தில் மக்களிடையே மட்டுமன்றி மருத்துவர்களிடையேயும் நெடுநாள் நிலவிய எண்ணம் வேறாக இருந்தது. மின்கலத்தின் உறை அரித்து, உள்ளே இருக்கும் திரவம் கசிந்து, அந்தக் கசிவே குழந்தையின் உடலைப் புண்ணாக்குகிறது என்று கருதினார்கள். பழைய கார மின்கலங்களில் அவ்வாறு நேர்வதும் உண்டு. ஆனால் லித்தியம் மின்கலத்தில் அத்தகைய காரத் திரவமே இல்லை. அது கசியவும் வேண்டியதில்லை. உறை சிறிதும் பழுதுபடாமல், புத்தம் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே அது தன் கொடுமையைச் செய்து முடித்துவிடுகிறது. ஈரமான உணவுக்குழாயின் சவ்வு அதன் இரு முனைகளையும் ஒருசேரத் தழுவிக்கொள்வதால் மின்சுற்று பூர்த்தியாகிறது. எதிர்முனைக்கு அருகில் உமிழ்நீரிலுள்ள நீர் பிரிந்து, ஹைட்ரஜன் குமிழிகளாக வெளியேற, எஞ்சிய ஹைட்ராக்ஸைடு, உமிழ்நீரிலும் திசுக்களிலும் உள்ள சோடியத்தோடு சேர்ந்து நிற்கிறது. அவ்வாறு சேர்ந்த பொருள் வேறொன்றுமன்று, அடைபட்ட சாக்கடைக் குழாயைத் திறக்க நாம் கொட்டும் காஸ்டிக் சோடாவேதான். விஷத்தை அந்த மின்கலம் தன்னுள் வைத்துக்கொண்டு வரவில்லை. குழந்தையின் சொந்த ஈரத்திலிருந்தே, இருந்த இடத்தில் இருந்தபடி, இடைவிடாமல் அதை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள், குழந்தைகள் இல்லாத வேளையில், மஞ்சள் பொடியும் சிறிது உப்பும் கரைத்த நீரில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, அதனிடையே ஒரு 2032 மின்கலத்தை வைத்து மடித்து மூடிவைக்கலாம். சிறிது நேரத்தில் மின்கலத்தின் விளிம்பில், மூடியும் கூடும் சந்திக்கும் அந்த மெல்லிய இடுக்கில், நுரை கட்டத் தொடங்கும். பிறகு துணியைப் பிரித்துப் பார்த்தால், எதிர்முனை பட்ட இடத்தில் மஞ்சள் மாறி, ஆலம் கரைத்தாற்போலச் செந்நிறம் படர்ந்திருக்கும். ஆலம் கரைக்கும்போது மஞ்சளைச் சிவப்பாக்குவது சுண்ணாம்பின் காரம். இங்கே சுண்ணாம்பு என்று எதையும் நாம் சேர்க்கவில்லை. துணிக்குப் பதிலாகப் பச்சை இறைச்சித் துண்டுகளுக்கு நடுவே அதை வைத்தால், இரண்டு மணி நேரத்தில் இறைச்சி கரிந்து கறுத்துப் போயிருப்பதைக் காணலாம். கரிந்தது என்றாலும் அங்கே வெப்பம் இல்லை. கையால் தொட்டால் சுடாது. எல்லாம் காரத்தின் வேலை.

அமிலத்தைவிடக் காரம் உடலுக்குப் பொல்லாதது என்பதை மருத்துவ மாணவர்கள் முதலிலேயே படிக்கிறார்கள். அமிலம் பட்ட திசுவில் புரதங்கள் உறைந்து, கெட்டியான ஓர் ஏடு படிந்து, அந்த ஏடே அமிலம் மேலும் உள்ளே செல்லாதபடி ஓரளவு தடுத்துவிடுகிறது. காரமோ புரதத்தைக் கரைத்து, கொழுப்பைச் சோப்பாக்கி, திசுவைக் கூழாக்கிக்கொண்டு ஆழமாக இறங்குகிறது. அது இறங்கும் திசை, எதிர்முனை எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அந்தத் திசை. முன்புறம் நோக்கியிருந்தால் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுந்து, குடித்த பால் நுரையீரலுக்குச் செல்லும். குரல்நாண்களை இயக்கும் நரம்பு பழுதாகிக் குரலே அடங்கிப்போவதும் உண்டு. பின்புறமாயின் முதுகெலும்பு வரை புண் செல்லும். மகாதமனியின் பக்கமாக அரித்துச் சென்றால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் கை நடுங்குகிறது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். ‘அது தீர்ந்துபோன பாட்டரிதானே’ என்று ஆறுதல் அடைகிறவர்கள் பலர். மூன்று வோல்ட்டில் இயங்கும் ஒரு ரிமோட், மின்கலத்தின் அழுத்தம் இரண்டு வோல்ட் அளவுக்கு இறங்கியதும் வேலை செய்ய மறுத்துவிடுகிறது. நாமும் அதைத் தீர்ந்தது என்று கழற்றி, மேஜைமேலோ ஜன்னல் விளிம்பிலோ வைத்துவிடுகிறோம். நீரைப் பிரிப்பதற்கோ, கணக்கின்படி 1.23 வோல்ட்டே போதும். ரிமோட்டுக்கு உயிர் போன அந்த மின்கலத்தில், ஒரு குழந்தையின் உணவுக்குழாயை எரிப்பதற்கான சக்தி தாராளமாக மிஞ்சியிருக்கிறது.

அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனில் விஷ முறிவு ஆலோசனை நிலையம் ஒன்று, மின்கலம் விழுங்கிய குடும்பத்தார் எந்நேரமும் தொலைபேசியில் கேட்கக்கூடிய ஒரு சேவையைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தது. அங்கே பணியாற்றிய டோபி லிட்டோவிட்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும், 1990 முதல் 2008 வரை அந்தச் சேவைக்கு வந்த 8,648 நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2010-ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். இத்துறையில் இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்தப் பொறுமையான உழைப்பின் பயன். அவர்கள் உடன்வைத்து ஆராய்ந்த நாடு தழுவிய விஷ நிகழ்ச்சிக் கணக்கின்படி, 1985-லிருந்து 2009 வரை விழுங்கியவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் கடுமையான காயத்திலோ மரணத்திலோ முடிந்தவற்றின் விகிதம் 6.7 மடங்கு உயர்ந்துவிட்டது. காரணம், அக்காலத்தில் 20 மில்லிமீட்டர் லித்தியம் மின்கலம் வீடுகளுக்குள் பரவியதுதான். அத்தகைய மின்கலத்தை விழுங்கிய, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 12.6 பேர் கடுமையான தீங்கையோ மரணத்தையோ அடைந்தார்கள். கடும்புண் உண்டாவதற்கு இரண்டு மணி நேரமே போதுமானதாக இருந்தது.

அவர்கள் கண்டவற்றுள் என் மனத்தை மிகவும் வருத்துவது வேறு ஒன்று. மரணத்தில் முடிந்த நிகழ்ச்சிகளில் நூற்றுக்கு 92-இல், குழந்தை விழுங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவற்றில் முதலில் நோய் வேறாக நிர்ணயிக்கப்பட்டது. அதற்காக அந்த மருத்துவர்களையோ தாய்மார்களையோ குறை கூறுவது நியாயமாகாது. எச்சில் ஒழுகுகிறது, சாப்பாடு வேண்டாம் என்கிறது, இருமுகிறது, இலேசான காய்ச்சல், ஒரு முறை வாந்தி என்று அழைத்து வந்தால், சளி என்றும் தொண்டைப்புண் என்றும் நினைப்பதுதான் உலக வழக்கம். பேசத் தெரியாத குழந்தையோ தன் நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்ல முடியாது. திட உணவை மட்டும் மறுத்துப் பால் குடிக்கிற குழந்தை, திடீரென்று கரகரத்த குரலோடு மூச்சு விடுகிற குழந்தை, எச்சிலில் சிறிது இரத்தம் காட்டுகிற குழந்தை ஆகியோரைப் பற்றி, ‘வீட்டில் ஏதாவது பாட்டரி காணாமற் போயிருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்கப்படவேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் வீட்டாரே சொல்லவேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தால் விஷயம் வெளியாகிவிடும். ஆனால் அங்கேயும் அவசரப்பார்வை ஏமாற்றக்கூடும். நாணயமும் மின்கலமும் படத்தில் வெண்ணிற வட்டங்களாகவே தோன்றும். உற்றுப் பார்த்தால் நாணயம் முழுவதும் ஒரே வெண்மையாயிருக்க, மின்கலத்தின் விளிம்புக்குச் சற்று உட்புறமாக இன்னொரு வளையம் தெரியும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்திலோ, அகன்ற கூட்டின்மேல் குறுகிய மூடி அமர்ந்திருப்பதால், ஓரத்தில் ஒரு சிறு படி போல் விழுந்திருக்கும். அந்தப் படியின் குறுகிய பக்கமே எதிர்முனை. புண் எத்திசையில் இறங்குகிறது என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

நம் வீடுகளில் குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால், வாழைப்பழத்தையோ சோற்று உருண்டையையோ விழுங்கச் செய்து ‘கீழே தள்ளுவது’ தலைமுறை தலைமுறையாக வந்த கைவைத்தியம். மீன் முள் குத்திய பெரியவருக்கு அதைச் செய்து பழகிய பாட்டிமார், அதே அன்போடு குழந்தைக்கும் செய்கிறார்கள். மின்கலத்தின் விஷயத்தில் அதைச் செய்யவே கூடாது. சிக்கியது இறங்காது; மயக்க மருந்து கொடுத்து அதை எடுக்கவேண்டிய வேளையில் வயிறு நிறைந்திருப்பது இன்னோர் அபாயம். விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்வதும் தவறு. காலையில் மலத்தில் வருகிறதா என்று பார்ப்போம் என்று காத்திருப்பதோ எல்லாவற்றிலும் பெரிய தவறு; இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் காரியத்துக்கு இரவு முழுவதும் அவகாசம் கொடுப்பதாகும் அது. 108-ஐ அழைத்தோ, கிடைத்த வண்டியில் ஏறியோ, எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போவது ஒன்றே வழி.

போகிற வழியில் கொடுக்கத்தக்கது ஒன்று உண்டு, அது தேன். ஒஹையோவிலுள்ள கொலம்பஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த கிரிஸ் ஜட்டானா, பிலடெல்பியாக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த இயன் ஜேகப்ஸ் ஆகியோரின் குழுவினர், பழரசங்கள், மேப்பிள் பாகு, தேன், இரைப்பைப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் என்னும் மருந்து முதலியவற்றைப் பன்றிக்குட்டிகளின் உணவுக்குழாயில் ஒப்பிட்டுச் சோதித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேனும் சுக்ரால்ஃபேட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் காயத்தைக் குறைத்தன. தேன் இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை உடையது, ஆகவே உண்டாகும் காரத்தை அவ்வப்போது முறிக்கிறது. பிசுபிசுப்பானது, ஆகவே மின்கலத்துக்கும் சவ்வுக்கும் இடையே திரைபோல் படிந்து நிற்கிறது. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமலும், குழந்தை விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி வீதம் ஆறு முறை வரை கொடுக்கலாம் என்பது அந்த ஆய்வைத் தழுவி எழுந்த வழிகாட்டல். தேன் வாங்குவதற்காகக் கடை தேடி நிற்கலாகாது. அது மருத்துவமனைக்குப் பதிலும் ஆகாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் அச்சிறு குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த சிசுவின் நாவில் தேன் தொட்டுவைக்கும் வழக்கத்தைக் கைவிடும்படி மருத்துவர்கள் வேண்டுவதும் இதனால்தான்.

மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப் குழாயை வாய் வழியே செலுத்தி மின்கலத்தை எடுக்கிறார்கள். எடுத்ததும், உணவுக்குழாயில் துளை விழவில்லை என்று கண்டபிறகு, புண்ணான இடத்தை 0.25 சதவீத அசெட்டிக் அமிலத்தால், அதாவது வினிகரின் சாரத்தை மிக நீர்க்கக் கரைத்த சுத்தமான கரைசலால், கழுவுவதும் இப்போது வழக்கத்தில் வந்துள்ளது. மின்கலம் போனாலும் அது விட்டுச்சென்ற காரம் திசுவுக்குள்ளேயே தங்கியிருந்து மேலும் கரைத்துக்கொண்டு போகும் என்பதே அதற்குக் காரணம். ஆதலால், எடுத்தாகிவிட்டது என்னும் ஆறுதல் முழு ஆறுதல் ஆகாது. நாட்கள் கழித்து, சில சமயம் வாரங்கள் கழித்து, மகாதமனியின் சுவர் அரிபட்டு வெடித்து இறந்த குழந்தைகள் உண்டு. பேரிரத்தப் பெருக்குக்கு முன்னால் வாந்தியில் சிறிது இரத்தமோ, தார்போல் கறுத்த மலமோ முன்னறிவிப்பாகத் தோன்றலாம். வீடு திரும்பிய குழந்தையிடம் அதைக் கண்டால் மறுகணமே திரும்ப ஓடவேண்டும். பிழைத்த குழந்தைகளிலும் பலருக்கு உணவுக்குழாய் வடுக்கட்டிச் சுருங்கிவிடுவதால், அதை மறுபடி மறுபடி விரித்துவிட வேண்டியிருக்கிறது. மூக்கிலோ காதிலோ நுழைந்துகொண்ட மின்கலமும் இவ்வாறே மூக்கின் நடுச்சுவரையும் செவிப்பறையையும் துளைத்துவிடும். காதில் அது இருக்கையில் சொட்டு மருந்து விடுவது அதற்கு ஈரம் அளித்து ஊக்குவதாகும்.

குழந்தைகளுக்கு இம்மின்கலம் கிடைப்பது எங்கிருந்து? லிட்டோவிட்ஸின் கணக்கில், ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 61.8 பேர் ஏதேனும் ஒரு கருவியிலிருந்தே அதை எடுத்திருக்கிறார்கள், 29.8 பேருக்கு வெளியே கிடந்தது கிடைத்தது, 8.2 பேர் கடை உறையிலிருந்து எடுத்தார்கள். ஆகவே பெற்றோர் எவ்வளவு விழிப்பாயிருந்தாலும், விரல் நகத்தால் நெம்பினால் திறந்துகொள்ளும் ஒரு மூடியை வைத்துச் செய்தவனுடைய குற்றத்தை அவர்கள் தலையில் சுமத்துவது முறையன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்திரேலியா இதை உணர்ந்து, பட்டன் செல் உள்ள பொருள்களுக்கெல்லாம் கட்டாய விதிகளை வகுத்து, 2022 ஜூன் 22 முதல் நடைமுறைப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில், 2020-இல் ஒன்றரை வயதில் இறந்த ஒரு பெண் குழந்தையின் பெயரால், ‘ரீஸ் சட்டம்’ கையெழுத்தாயிற்று. பொம்மைகளுக்கு முன்பே தனி விதிகள் இருந்தமையால், அச்சட்டம் பொம்மையல்லாத மற்றப் பொருள்களையே குறிவைக்கிறது. இது ஆழ்ந்து எண்ணத்தக்கது. நம் நாட்டிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிருக்கிறது; ஆனால் குழந்தை கையில் எடுப்பது பொம்மையை மட்டுமா? பின்மூடி தொலைந்து, ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிய ரிமோட் நம்மில் எத்தனை வீடுகளில் சோபாவின் மேல் கிடக்கிறது!

மின்கலத்தையே மாற்றியமைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. 1958-இல் ஸ்காட்லாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட, அறிந்தவற்றுள் மிகக் கசப்பான டெனட்டோனியம் பென்ஸோயேட் என்னும் பொருளை மேலே பூசி விற்கிறார்கள். நாவில் பட்டதும் குழந்தை துப்பிவிடும் என்பது நம்பிக்கை, ஆனால் ஒரே வாயில் விழுங்கிவிடும் குழந்தைக்குக் கசப்பு எந்த அளவுக்குத் துணை நிற்கும்? அதைவிடக் கருத்தைக் கவர்வது, ராபர்ட் லாங்கர், ஜெஃப்ரி கார்ப் முதலியோர் பாஸ்டன் பகுதியில் செய்து 2014-இல் வெளியிட்ட முயற்சி. கருவிக்குள் வில்கம்பி அழுத்தும்போது மட்டும் மின்சாரத்தைக் கடத்துவதும், அழுத்தம் இல்லாதபோது கடத்தாமல் நிற்பதுமாகிய ஒரு பூச்சை அவர்கள் எதிர்முனைமேல் பூசினார்கள். உணவுக்குழாயின் மெல்லிய அணைப்பு அந்தப் பூச்சைத் திறக்கும் அளவுக்கு வலியதன்று; பன்றிகளில் வைத்துச் சோதித்தபோது, பூசிய மின்கலம் புண் செய்யவில்லை.

அத்தகைய மின்கலம் கடைக்கு வரும் வரை, பின்மூடியைத் திருகாணியிட்டுப் பூட்டிய கருவியையே பார்த்து வாங்குவதும், திருகாணி இல்லாததை வலுவான டேப்பால் சுற்றிவைப்பதும் நம் கையில் உள்ளவை. கழற்றிய பழைய மின்கலத்தை மேஜைமேல் வைக்காமல், அந்தக் கணத்திலேயே இரு முகங்களையும் டேப்பால் ஒட்டி மூடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மூடி இறுகிய டப்பாவில் போட்டுவைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிடலாம். முகங்களை மூடிவிடுவதால், மின்கலங்கள் டப்பாவுக்குள் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறித் தீப்பிடிப்பதும் தவிர்க்கப்படும்.